பூனை வால் பாட்டைத் தேடி ஒன்பது மாதங்கள்

சென்ற ஆண்டு ஜனவரி முதல் அக்டோபர் வரை நான் ஒரே ஒரு சிறிய இசைத்தட்டைத் தேடினேன். 1967-இல் பாரிஸுக்கு அருகில் வெளியான, நான்கு பாட்டுகள் மட்டுமே கொண்ட பிரெஞ்சு இசைத்தட்டு அது. இறுதியில் கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குள் என் கையிலிருந்து 517 யூரோ 80 சென்ட் போயிருந்தது. அதில் பாதிக் கணக்கைத்தான் இதுவரை வீட்டில் சொல்லியிருக்கிறேன். பணத்தைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது, தேடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சரியான பாட்டைக் கேட்டுவிட்டு, இது இல்லை என்று நானே தள்ளிவைத்த மடமைதான். பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்றை யாரேனும் தேடப் புறப்பட்டால், நான் விழுந்த குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டாவது போகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிறந்தவன். முப்பது ஆண்டுகளாகப் பாரிஸின் வடக்குப் புறநகரில் வசிக்கிறேன். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்து 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் ‘சொல்தா’. தெற்கே பிரெஜூஸ் முகாமில் இருந்த ஆண்டுகளில் வாங்கிய இசைத்தட்டுகளையும், லியோன் நகரத்துத் தெப்பாஸ் நிறுவனம் செய்த, கைப்பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு ரெக்கார்டு பிளேயரையும் அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது கொண்டுவந்தார். அந்தத் தட்டுகளில் ஒன்றுக்கு நாங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் ‘பூனை வால் பாட்டு’. ஒரு பெண் குரல், குழந்தைப் பாட்டுப் போன்ற மெட்டு, ஆனால் அந்தக் குரலில் யாரையோ கேலி செய்யும் அலட்சியம். பாடகியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. 1994-இல் அவர் இறந்த பிறகு வீட்டை ஒழித்தபோது, பெட்டியும் தட்டுகளும் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறிப் போயின. எடை போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு குளிர்கால இரவில் அந்த மெட்டு எந்தக் காரணமும் இல்லாமல் நினைவுக்கு வந்தது. இணையத்தில் பிரெஞ்சில் பூனை, வால் என்ற சொற்களைத் தட்டி, அறுபதுகளின் பெண் பாடகர்களின் தொகுப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பூனைப் பாட்டுக்குப் பிரெஞ்சில் பஞ்சமே இல்லை. அந்த வாரத்தில் கேட்ட இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் க்ளொத்தில்ட் என்ற பாடகியின் ‘ஃபாலே பா எக்ரசே லா கெ து ஷா’ என்பதும் இருந்தது. பூனையின் வாலை மிதித்து நசுக்கியிருக்கக் கூடாது என்பது அதன் பொருள். தலைப்பு பொருந்தியது. முப்பது வினாடி கேட்டேன். என் நினைவில் இருந்த பாட்டு அலை மாதிரி மேலும் கீழும் அசையும். இதுவோ கோடு போட்டது போல நேராகப் போயிற்று. எனவே இது வேறு ஏதோ பூனை என்று முடிவு செய்து அடுத்ததற்குப் போய்விட்டேன். அந்த முப்பது வினாடியின் விலைதான் அடுத்த ஏழு மாதங்கள்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு இளைஞர் இசை எவ்வளவு பெரிய கடல் என்பதைத் தேடும்போதுதான் உணர்ந்தேன். 1959-இல் யூரோப் நம்பர் 1 வானொலியில் ‘சாலு லே கொப்பேன்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. 1962-இல் அதே பெயரில் பத்திரிகை வந்தது. அதன் முதல் ஆண்டு நிறைவுக்காக 1963 ஜூன் 22 அன்று பாரிஸின் நாசியோன் சதுக்கத்தில் நடந்த கச்சேரிக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் திரண்டார்கள். அதைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் எட்கார் மொரேன் வைத்த ‘யே-யே’ என்ற பெயர் அந்த இசைக்கே நிலைத்துவிட்டது. பிரான்சுவாஸ் ஆர்தி, பிரான்ஸ் கால், ஷேலா போன்றவர்களை இன்றும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்களின் வெற்றியைப் பார்த்து ஒவ்வொரு நிறுவனமும் புதுப் பெண்களைப் பாட வைத்தது. அவர்களில் பலர் ஒன்றிரண்டு தட்டுகளோடு மறைந்தார்கள். மேலும், பிரான்சில் அப்போது வழக்கமாக விற்றது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள தட்டு அல்ல. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டுகள் கொண்ட, பளபளப்பான படம் அச்சிட்ட உறையுடன் வந்த, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ‘45 சுற்றுத் தட்டு’. அதைத்தான் இங்கே ஈபி என்கிறார்கள். அறுபதுகளின் இறுதியில்தான் இரண்டு பாட்டுத் தட்டு அதன் இடத்தைப் பிடித்தது. வானொலியில் ஒலித்தது பெரும்பாலும் முதல் பாட்டு. மற்ற மூன்றும் தட்டு வாங்கியவர் வீட்டோடு நின்றன. மறந்துபோன பாட்டுகள் இத்தனை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ‘வீத் கிரெனியே’ எனப்படும், வீட்டுப் பரணைக் காலி செய்து தெருவில் கடை பரப்பும் சந்தைகளுக்குப் போகத் தொடங்கினேன். உறையில் பெண் முகமும் தலைப்பில் பூனையும் இருந்தால் வாங்கிவிடுவது என்ற கொள்கையில் பதினொரு தட்டுகள், 86 யூரோ. ஒன்றில்கூட என் பாட்டு இல்லை. பல உறைகளின் மூலையில் பேனாவால் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கும். விருந்துகளுக்கு ஆளாளுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போன காலத்தில், தன்னுடையது தன் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதற்காக எழுதியது. சேகரிப்பவர்கள் அதைக் குறை என்று விலையைக் குறைப்பார்கள். எனக்கு அந்தக் கையெழுத்துகள் பிடித்தே இருந்தன.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் ஒரு முதியவரின் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் யாருக்கோ போட்டுக் காட்டுவதற்காக ஒரு தட்டை அவசரமாக வைத்தார். 45 சுற்றுத் தட்டின் நடுத்துளை பெரியது. அதில் பொருந்தும் வளையத்தைத் தேடப் பொறுமையின்றி, கண்ணால் அளந்து மேடையில் வைத்து ஓடவிட்டார். நான் அறியாத ஏதோ ஓர் ஆண் பாடகர் பாடினார். ஆனால் பாட்டு அசைந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை மேலேறி, ஒரு முறை கீழிறங்கி, எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டது போலவே அசைந்தது. எனக்குக் கால் நடுங்கியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அங்கிருந்த நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். நான் தேடிய அசைவு பாட்டில் இல்லை, தட்டு வைக்கப்பட்ட விதத்தில் இருந்தது.

அன்று மாலை அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அதுவரை அவரிடம் கேட்காததற்குக் காரணம், அப்பாவின் பேச்சை எடுத்தால் அவர் வருந்துவார் என்ற என் சொந்தக் கற்பனை. அவர் சிரித்தார். “அந்த நடு வளையம் எப்பவோ காணாம போச்சுப்பா. உங்கப்பா என்னோட பழைய ரப்பர் செருப்பை வட்டமா வெட்டி வச்சிருந்தாரு. சரியான வட்டம்கூட இல்ல” என்றார். 45 சுற்றுத் தட்டு ஒரு முறை சுழல 1.33 வினாடி ஆகிறது. துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் கால் பங்கு மேலும், அதே அளவு கீழும் போய்வரும். தட்டின் உட்பக்கம் போகப் போக ஆட்டம் அதிகமாகும். செருப்புத் துண்டு எத்தனை மில்லிமீட்டர் விலகியிருந்ததோ! தேடத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்ட பெரியவர்கள் இருந்தால் இணையத்துக்குப் போகும் முன் அவர்களிடம் போங்கள். எந்தக் கருவியில், எப்படி, எந்த நிலையில் தட்டு ஓடியது என்று கேளுங்கள். வேகத்தையும் சுருதியையும் நம்பிப் பாட்டை ஒதுக்காதீர்கள். ஒரு சொல், ஒரு வாத்தியம், பாடும் தொனி ஆகியவற்றை வைத்து ஒதுக்குங்கள்.

அன்றிரவு ஒதுக்கிய பாட்டுகளை எல்லாம் மறுபடி கேட்டேன். மூன்றாவது க்ளொத்தில்ட். இந்த முறை முழுவதும் கேட்டேன். அந்த அலட்சியக் குரல் அதேதான்.

பாட்டு தெரிந்த பிறகு தட்டைப் பற்றிய விவரங்களைத் திரட்டுவது எளிது, செலவும் இல்லை. பிரான்சில் வெளியாகும் ஒலிப்பதிவுகளின் பிரதியை அரசுக்கு ஒப்படைக்கும் முறை 1938 முதல் உள்ளது. எனவே பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். பாட்டை இயற்றியவர், மெட்டமைத்தவர் பெயர்களுக்கு, 1851 முதல் இயங்கிவரும் இசை உரிமைச் சங்கமான சாசெமின் பட்டியல் உதவும். நான் அறிந்தது இவ்வளவு: க்ளொத்தில்ட் 1967-இல் வோக் நிறுவனத்துக்காக இரண்டே ஈபிகள் பாடினார், பின்னணியில் இருந்த மூளை ஜெர்மினால் தெனாஸ் என்ற இளைஞர். தட்டுகள் அப்போது பெரிதாக விற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர்களின் தொகுப்புகள் வழியாகத்தான் மீண்டும் பேசப்பட்டன. வோக் நிறுவனம் இருந்த இடம் வில்தனேஸ். நான் நாள்தோறும் வேலைக்குப் பேருந்தில் கடந்துபோகும் ஊர்.

இனி வாங்கிய கதை. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு தளத்தில் தனிநபர் ஒருவர் 110 யூரோவுக்கு அந்த ஈபியைப் போட்டிருந்தார். தளத்தின் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம், நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அஞ்சல் செலவோடு 116 யூரோ அனுப்பினேன். வந்த உறை அழகாக இருந்தது. உள்ளே இருந்தது ஒரு அக்கார்டியன் நடனத் தட்டு. கேட்டதற்கு, படத்தில் காட்டியது உறையைத்தானே, தட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று பதில் வந்தது. தளத்துக்கு வெளியே பணம் கொடுத்ததால் தளமும் கைவிரித்தது. தொழில்முறை விற்பனையாளரிடம் தொலைவிலிருந்து வாங்கினால் பொருள் வந்த பின் பதினான்கு நாளுக்குள் திருப்பிவிடும் உரிமை சட்டப்படி உண்டு. தனிநபரிடம் வாங்கும்போது அந்த உரிமை கிடையாது என்பதையும் அன்றுதான் படித்தேன். ஆகவே விலை பேசும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: உறையின் முன்புறம், பின்புறம், தட்டின் இரு பக்க லேபிள். இன்னொன்றும் கேளுங்கள். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில் எண்களும் எழுத்துகளும் பொறித்திருக்கும், அதன் படம். பிற்காலத்தில் அசல் போலவே அச்சிட்ட மறுபதிப்புகளை அசல் விலைக்கு விற்பவர்கள் உண்டு. அந்தப் பொறிப்பும், உறையின் அச்சுத் தரமும்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மறுபடி படம் பிடித்து அச்சிட்ட உறையில் சிறு எழுத்துகள் மங்கியும் புள்ளி புள்ளியாகவும் தெரியும்.

இரண்டாவது, இங்கிலாந்திலிருந்து. தட்டு 80 யூரோ, அஞ்சல் 14. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். ஆனால் 2021 ஜனவரி முதல் பிரிட்டன் ஐரோப்பிய வரி எல்லைக்கு வெளியே போய்விட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் 22 யூரோவுக்குக் குறைவான பொருட்களுக்கு இருந்த சலுகையும் நின்றது. தபால்காரர் வாசலில் 20 சதவீத வரியாக 18 யூரோ 80 சென்டும், கையாளும் கட்டணமாக 8 யூரோவும் கேட்டார். ஆக 120 யூரோ 80. அதைவிடப் பெரிய ஏமாற்றம் தட்டைப் போட்டபோது வந்தது. தரம் ‘வெரி குட்’ என்று எழுதியிருந்தார்கள். மிக நன்று என்று நம் மொழியில் நினைத்துக்கொண்டேன். சேகரிப்பாளர்களின் ஏணியில் புதியது, கிட்டத்தட்டப் புதியது, வெரி குட் பிளஸ் ஆகியவற்றுக்குக் கீழே நான்காவது படி அது. பாட்டோடு இரைச்சலும் கேட்கும் என்பதே அதன் பொருள். வெறும் ‘குட்’ என்றால் தொடவே வேண்டாம். விற்றவர் பொய் சொல்லவில்லை. அகராதி வேறு, அவ்வளவுதான். உறைக்கும் தட்டுக்கும் தனித்தனியாகத் தரம் சொல்வார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அந்தத் தட்டை நானே பின்னும் கெடுத்தேன். இரைச்சல் அழுக்கினால் என்று எண்ணி, பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் குழாய்த் தண்ணீரில் தேய்த்தேன். பாரிஸ் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். உலர்ந்ததும் தடங்களில் வெள்ளை படிந்தது. லேபிள் நனைந்து பொரிந்தது. கழுவ வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணி, லேபிளை மூடும் ஒரு வட்டத் தகடு, தடத்தின் போக்கிலேயே துடைக்கும் பொறுமை, இவ்வளவும் வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் தேய்மானம் போகாது. அக்காலத்துக் கைப்பெட்டிப் பிளேயர்களின் கனமான கையும் தேய்ந்த முள்ளும் உழுத தடத்தை எந்த நீரும் சரிசெய்யாது. அழுக்கு இரைச்சல் இடையிடையே சடசடக்கும். தேய்மான இரைச்சல் பாடகி குரலை உயர்த்தும் இடங்களில் கரகரக்கும். இந்த வேறுபாடு காதுக்குப் பழகிவிட்டால் வீணாகக் கழுவ மாட்டீர்கள்.

இதற்குள் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, உங்களுக்கு வேண்டியது பாட்டா, தட்டா?” பாட்டு மட்டும் வேண்டுமென்றால் இரு ஈபிகளின் பாட்டுகளையும் சேர்த்த மறுபதிப்பு எப்போதோ வந்துவிட்டது, இருபது யூரோ சொச்சம். இணையத்தில் கேட்பதற்கு அதுகூட வேண்டாம். எல்லாப் பழைய தட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 2011-இல் 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டியது. ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு அது பொருந்தாது. ஆகையால் 1962 வரை வெளியானவை பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் மலிவுத் தொகுப்பு போடலாம், போடுகிறார்கள். 1967-இல் வெளியானதற்கு 2037 இறுதி வரை உரிமையாளர் இருக்கிறார். வோக், பார்கிளே போன்றவற்றின் உரிமைகள் கைமாறிக் கைமாறிப் பன்னாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன, அவற்றிடமாவது கேட்கலாம். மூன்று தட்டு போட்டு மூடிய சிறு நிறுவனங்களின் பாட்டுகளுக்கு அனுமதி கேட்கக்கூட முகவரி இருக்காது. தேடுவது அப்படிப்பட்டது என்றால் அசல் தட்டைத் தவிர வழியில்லை. என் விஷயத்தில் வழி இருந்தது. மகளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. எடை போட்டுக் கொடுத்தவன் நான் என்பதால், எனக்குத் தட்டுதான் வேண்டியிருந்தது.

மூன்றாவதை அக்டோபரில் ஒரு கடையில், அங்கேயே நான்கு பாட்டையும் முழுதாகக் கேட்ட பிறகு 130 யூரோவுக்கு வாங்கினேன். தரம் வெரி குட் பிளஸ்; உறையின் மேல் மூலையில் ஊதா மையில் ஒரு பெண் பெயர், அதற்காகக் கடைக்காரர் இருபது யூரோ குறைத்துக்கொண்டார். அவரே சொன்ன யோசனையின் பேரில் 65 யூரோவுக்கு மோனோ முள் ஒன்றும் வாங்கினேன். அக்கால ஈபிகள் பெரும்பாலும் ஒற்றைத் தடப் பதிவுகள். ஸ்டீரியோ முள் மேலும் கீழுமாக எடுக்கும் இரைச்சலை மோனோ முள் எடுக்காது. உங்கள் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். அந்த 65 யூரோ மிச்சமாகலாம். என்னுடையதில் அந்தப் பொத்தான் இருந்ததை நான் முள் வாங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியில் மாலை. வளையத்தைச் சரியாகப் பொருத்தி, தட்டை ஓடவிட்டு, தொலைபேசியை ஒலிபெருக்கியின் முன் பிடித்தேன். அம்மா முழுவதும் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லப்பா. அது ஆடும்” என்றார். நான் முள்ளைத் தூக்கினேன். வளையத்தை எடுத்துவிட்டு, தட்டைக் கண்ணால் அளந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். மறுபடி ஓடவிட்டேன். குரல் ஏறி இறங்கியது. மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “இன்னும் கொஞ்சம் தள்ளு” என்றார்.